நாவலும் அதன் படமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புத்தகம் படிக்கிற ஆள் என்று தெரிந்துவிட்டால் போதும், கல்யாணப் பந்தியில்கூடப் பக்கத்து இலைக்காரர் கேட்டுவிடுவார்: "கதை நல்லாயிருக்கா, படம் நல்லாயிருக்கா?" ‘பொன்னியின் செல்வன்’ திரைக்கு வந்தபிறகு இந்த வகைக் கேள்விகள் பெருகிவிட்டன. அவற்றில் திரும்பத் திரும்ப வருகிற சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில். பரீட்சைக்கும் ஆராய்ச்சிக்கும் இது உதவாது. ஆசைக்குப் படித்து, ஆசைக்குப் படம் பார்க்கிறவர்களுக்காக எழுதியது. எடுத்துக்காட்டுகள் எல்லாம் தமிழ் நாவல்களும் தமிழ்ப் படங்களும்தான்.

முதலில் படிக்க வேண்டுமா, பார்க்க வேண்டுமா?

கதையைப் பொறுத்தது. அடுத்து என்ன நடக்கும் என்ற தவிப்பிலேயே ஓடுகிற கதை என்றால் முதலில் படித்துவிடுங்கள். கணேஷ், வசந்த் வருகிற சுஜாதா நாவல்கள் அந்த ரகம். குற்றவாளி யாரென்று திரையில் தெரிந்துவிட்டால் அப்புறம் புத்தகத்தில் பாதி ருசி போய்விடும்.

மனிதர்களின் மனசுக்குள்ளேயே நடக்கிற கதை என்றால் எதை முதலில் எடுத்தாலும் குடி முழுகிப் போகாது. ‘மோகமுள்’ளில் பாபுவும் யமுனாவும் கடைசியில் என்ன ஆகிறார்கள் என்பது முன்பே தெரிந்திருந்தாலும் தி. ஜானகிராமனின் ஒரு பக்கம்கூடச் சலிக்காது.

ஏராளமான பாத்திரங்கள் நடமாடும் பெரிய சரித்திர நாவலைப் பார்த்து மலைத்துப்போய் நிற்கிறவர்கள் தாராளமாகப் படத்தை முதலில் பார்க்கலாம். பெரிய பழுவேட்டரையர் யார், சின்னப் பழுவேட்டரையர் யார், யாருக்கு யார் என்ன உறவு என்பது ஒரு மாதிரி பிடிபட்டுவிடும். பிறகு புத்தகத்தில் தடுமாற்றம் இருக்காது. பத்து வருடமாக "படிக்கணும், படிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பவர்களுக்கும் இதே யோசனைதான்.

என் விருப்பத்தைக் கேட்டால் புத்தகம் முதலில். ‘தில்லானா மோகனாம்பாள்’ படம் பார்த்த ஒருவர் பிறகு அந்த நாவலைப் படிக்கும்போது சிக்கல் சண்முகசுந்தரத்துக்கு வேறு முகம் கொடுத்துப் பார்க்கட்டும். முடியவே முடியாது. சிவாஜி வந்து உட்கார்ந்துவிடுவார்.

நாவலில் இருந்ததை ஏன் இவ்வளவு வெட்டுகிறார்கள்?

முதல் காரணம் நேரம். கல்கி ‘பொன்னியின் செல்வ’னை 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதினார். புத்தகமாக ஐந்து பாகம்: புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாகச் சிகரம். மணிரத்னம் 2022இலும் 2023இலும் வெளியிட்ட இரண்டு படங்களையும் சேர்த்தால் ஐந்தரை மணி நேரம். அந்த ஐந்தரை மணி நேரத்தில் கொலை வாள் வரைகூடப் படித்து முடிக்க முடியாது.

ஆனால் நேரம் மட்டும்தான் காரணம் என்றால் எல்லாப் பாத்திரத்தையும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்திருப்பார்கள். அப்படிச் செய்யவில்லை. கந்தமாறனின் தங்கை மணிமேகலையை அடியோடு எடுத்துவிட்டார்கள். வந்தியத்தேவன் மேல் ஒருதலையாக ஆசை வைத்து உருகுகிறவள் அவள். நாவலின் கடைசிப் பக்கங்களில் நம்மைக் கலங்க வைப்பதும் அவள்தான். அவள் இருந்தால் கதை வந்தியத்தேவனைச் சுற்றியே முடிய வேண்டியிருக்கும். மணிரத்னத்துக்குப் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனும் நந்தினியும் நடுவில் வேண்டியிருந்தது. தொடக்கத்தையே பாருங்கள். கல்கி ஆடிப் பதினெட்டு அன்று வீராணம் ஏரிக்கரையில் குதிரை மேல் வருகிற இளைஞன் வந்தியத்தேவனோடு தொடங்குகிறார். ஊரெல்லாம் திருவிழாக் கோலம், சித்திரான்னம், தண்ணீர், கூட்டம். படமோ கரிகாலனின் போர்க்களத்தோடு தொடங்குகிறது. இது யாருடைய கதை என்பதை இரண்டு பேரும் முதல் காட்சியிலேயே சொல்லிவிடுகிறார்கள். பதில்தான் வேறு வேறு.

நான் மணிமேகலை கட்சி. அவள் இல்லாதது எனக்குக் குறைதான். ஆனால் அதை மறதி என்றோ சோம்பல் என்றோ சொல்ல மாட்டேன். ஒரு படத்தைப் பார்க்கும்போது எதை விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று யோசிப்பதில் கிடைக்கிற சுவாரசியம், "அப்படியே எடுத்திருக்கிறார்களா" என்று சரிபார்ப்பதில் எனக்குக் கிடைத்ததில்லை.

முடிவையே மாற்றலாமா?

நாவலின் முடிவு தெரியாதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடுங்கள்.

கல்கியின் கதையில் சேந்தன் அமுதன் பூமாலை கட்டுகிற சாதுவான பையன். அவன்தான் செம்பியன் மாதேவியின் உண்மையான மகன் என்பது பின்னால்தான் தெரியவரும். கடைசியில் முடி அவன் தலைக்குப் போகிறது, பூங்குழலி பட்டத்து ராணியாகிறாள். படத்தில் இந்த ஆள்மாறாட்டமே கிடையாது. ஆரம்பத்திலிருந்து சிம்மாசனத்துக்கு ஆசைப்படும் மதுராந்தகனுக்கே கரிகாலனின் தம்பி அருண்மொழி முடியை விட்டுக்கொடுக்கிறான்.

நாவலின் முடிவு தொடர்கதைக்குரிய முடிவு. நான்கு பாகமாக யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஒருவனை மேலே தூக்கிக் காட்டுகிற சந்தோஷம் அதில் இருக்கிறது. படத்தில் அதற்கு அடித்தளம் போட நேரமில்லை. திடீரென்று "இவன்தான் நிஜ இளவரசன்" என்றால் தியேட்டரில் சிரித்திருப்பார்கள். தவிர, ஆசைப்படாதவனுக்குக் கொடுப்பதைவிட ஆசைப்பட்டவனுக்கே கொடுப்பது அருண்மொழியின் தியாகத்தைப் பெரிதாக்குகிறது என்றும் வாதாடலாம். இதை வைத்து ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை போடலாம், போட்டும் இருக்கிறோம்.

அதெல்லாம் உண்மையில் நடந்ததா?

சோழர்கள் உண்மை. ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டதும் உண்மை. காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் உடையார்குடிக் கோயில் கல்வெட்டு அந்தக் கொலையில் சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களைச் சொல்கிறது. கதையில் வருகிற சதிகாரன் ரவிதாசனின் பெயர் அதிலிருந்து வந்ததுதான். உத்தம சோழனுக்குப் பிறகே முதலாம் ராஜராஜன், அதாவது கதையின் அருண்மொழி, பட்டத்துக்கு வந்தான் என்பதும் வரலாறு. நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் எல்லாம் கல்கியின் கற்பனை. படத்தில் வரலாற்றைத் திரித்துவிட்டார்கள் என்று கோபப்படுகிறவர்கள் பெரும்பாலும் கல்கி சொன்னதைத்தான் வரலாறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் கல்கிக்கு ஒரு பாராட்டுதான்.

என் மனசில் இருந்த முகம் திரையில் இல்லையே. என்ன செய்வது?

ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் ஒரு விஷயம். உங்கள் மனசில் இருந்த குந்தவை முழுக்க நீங்களே கற்பனை செய்தவளா? கல்கி பத்திரிகையில் தொடர் வந்தபோது மணியம் வாராவாரம் படம் வரைந்தார். கொண்டையும் நகையும் புருவமும் அவர் தீர்மானித்தவை. மறுபடி மறுபடி அதே தொடர் வெளியானபோது வினு, பத்மவாசன் என்று வேறு ஓவியர்கள் வந்தார்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு வந்தியத்தேவன். பத்திரிகைப் பக்கங்களைக் கிழித்துத் தைத்து வீட்டில் பைண்டு செய்து வைத்தவர்களுக்கு மணியம் வரைந்ததுதான் அசல். படங்கள் இல்லாத மலிவுப் பதிப்பில் படித்தவர்களுக்குத்தான் முகங்கள் எல்லாம் சொந்தச் சரக்கு.

இதில் இன்னும் பழைய வேடிக்கை ஒன்று உண்டு. கல்கியின் ‘தியாகபூமி’ 1939இல் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோதே கே. சுப்பிரமணியம் அதைப் படமாகவும் எடுத்துக்கொண்டிருந்தார். தொடருக்கு ஓவியங்களுக்குப் பதிலாகப் படத்தின் புகைப்படங்களையே போட்டார்கள். ஆக, அந்த வாசகர்கள் முதல் அத்தியாயத்திலிருந்தே பாபநாசம் சிவனின் முகத்தையும் எஸ். டி. சுப்புலட்சுமியின் முகத்தையும் பார்த்துக்கொண்டேதான் கதையைப் படித்தார்கள். கதையும் படமும் ஒன்றாகவே வீட்டுக்குள் வந்தன. யாருக்கும் மனசிலிருந்த முகம் கலையவில்லை, கலைவதற்கு முன்னால் ஒரு முகம் இருந்தால்தானே.

எழுத்தாளரே திரைக்கதை எழுதினால் படம் நன்றாக வந்துவிடுமா?

உத்தரவாதம் இல்லை. ஆனால் ஜெயகாந்தன் விஷயத்தில் வந்தது. ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ எப்படிப் பிறந்தது என்று தெரிந்துகொண்டால் படம் இன்னும் ருசிக்கும்.

1966இல் ஆனந்த விகடனில் ‘அக்கினிப் பிரவேசம்’ என்று ஒரு சிறுகதை எழுதினார். மழை நாளில் ஒரு கல்லூரிப் பெண்ணைக் காரில் ஏற்றிக்கொண்டு போகிற ஒருவன் அவளைக் கெடுத்துவிடுகிறான். வீட்டுக்கு வந்து அழும் மகளின் தலையில் அம்மா தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய், இதை யாரிடமும் சொல்லாதே என்கிறாள். கதை பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. அந்தச் சர்ச்சைக்கு ஜெயகாந்தன் கட்டுரை எழுதிப் பதில் சொல்லவில்லை. அந்த அம்மா அப்படிச் செய்யாமல் கூச்சல் போட்டு ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்ன ஆகியிருக்கும் என்று ஒரு முழு நாவலே எழுதினார். நாவலுக்குள் ஆர்.கே.வி. என்று ஓர் எழுத்தாளர் வருகிறார். அந்தச் சிறுகதையை எழுதியவர் அவர்தான். அந்தப் பெண்ணான கங்கா அதைப் படித்துவிட்டுத் திகைக்கிறாள். 1972இல் சாகித்திய அகாதெமி விருது இந்த நாவலுக்குக் கிடைத்தது.

பீம்சிங் 1977இல் படமாக எடுத்தார். கதை வசனம் ஜெயகாந்தன். கங்காவாக நடித்த லட்சுமிக்கு தேசிய விருது. பக்கம் பக்கமாகப் பேசுகிற படம்தான். ஆனால் பேச்சே அதன் பலம். நாவலில் கங்கா தன் மனசுக்குள் பேசிக்கொள்வதை லட்சுமி கண்ணாலேயே முடித்துவிடுகிற இடங்கள் பல உண்டு. நாகேஷை ஆர்.கே.வி.யாகப் போட்டது இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது. சிரிப்பு நடிகரை அவ்வளவு அடக்கமாக வேறு யார் பயன்படுத்தினார்கள்?

அதற்கு முன்பே 1965இல் ஜெயகாந்தன் தன் ‘உன்னைப்போல் ஒருவ’னைத் தானே இயக்கிப் பார்த்தார். தேசிய அளவில் விருது கிடைத்தது, தியேட்டர்கள் கிடைக்கவில்லை. சேரிப் பையன் ஒருவனைப் பற்றிய பாட்டு இல்லாத படத்துக்கு அன்றைய விநியோகஸ்தர்கள் வரிசையில் நிற்கவில்லை என்பதில் வியப்பும் இல்லை.

சுஜாதாவின் கதை இதற்கு நேர்மாறு. ‘ப்ரியா’ நாவல் லண்டனில் நடக்கிறது. 1978இல் எஸ். பி. முத்துராமன் எடுத்த படம் சிங்கப்பூரில் நடக்கிறது. கணேஷ் ரஜினிகாந்த். அதற்கு முந்தைய வருடம்தான் அதே ரஜினி சுஜாதாவின் இன்னொரு கதையான ‘காயத்ரி’யில் வில்லனாக வந்திருந்தார். நாவலில் வாயாலும் மூளையாலும் ஜெயிக்கிற வக்கீல் திரையில் பாட்டுப் பாடிச் சண்டையும் போட வேண்டியிருந்தது. படம் ஓடியது, இளையராஜாவின் பாட்டுகள் இன்னும் ஓடுகின்றன. நாவலைத் தேடிப் போனவர்கள் மட்டும் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

மூலக்கதையை அடையாளமே தெரியாமல் மாற்றிய நல்ல படம் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, இரண்டும் ஒரே ஆள் எடுத்தது. மகேந்திரன்.

கல்கி இதழின் நாவல் போட்டியில் பரிசு வாங்கிய உமாசந்திரனின் ‘முள்ளும் மலரு’ம்தான் 1978இல் அவர் இயக்கிய முதல் படம். நாவலிலிருந்து அண்ணன் தங்கைப் பாசத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார், மிச்சத்தைத் தன் போக்கில் எழுதினார். மலைமேல் விஞ்ச் ஓட்டுகிற காளியின் வீம்பு, அவன் பேசாமல் நிற்கிற நேரங்கள், பாலுமகேந்திராவின் ஒளிப்பதிவு எல்லாம் சேர்ந்து அது வேறொன்றாகிவிட்டது.

அடுத்த வருடம் ‘உதிரிப்பூக்கள்’. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’ என்ற குறுநாவலை வைத்து எடுத்தது என்று சொல்வார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாயை இழந்த பிள்ளைகளின் ஏக்கம் ஒன்றுதான் பொது. ஊர் வேறு, அப்பாவின் குணம் வேறு, முடிவு வேறு. புதுமைப்பித்தன் உயிரோடு இருந்து பார்த்திருந்தால் "இது என் கதை இல்லை" என்று நக்கலாக ஏதாவது சொல்லியிருப்பார் என்றே தோன்றுகிறது. ஆனாலும் அவர் பெயரை மகேந்திரன் மறைக்கவில்லை. ஒரு பொறி எங்கிருந்து கிடைத்ததோ அங்கே கைகாட்டுகிற நாகரிகம் எல்லாருக்கும் வராது.

இதே மகேந்திரன் கல்லூரிப் பிள்ளையாக இருந்து எம்.ஜி.ஆர். கண்ணில் பட்டு, சென்னைக்கு வந்து அவருக்காக எழுதிய முதல் திரைக்கதை எது தெரியுமா? ‘பொன்னியின் செல்வன்’. அந்தப் படம் வரவேயில்லை. வந்திருந்தால் எம்.ஜி.ஆருக்காக அவர் எதையெல்லாம் வெட்டியிருப்பார் என்று நினைத்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

பெரிய நடிகர் வந்தால் நாவல் கெட்டுவிடும் என்கிறார்களே?

கெடும் என்று சொல்ல மாட்டேன், சாயும். பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வந்த சின்ன நாவல். ஒரு கொலையோடு தொடங்குகிறது. கொன்றவன் பதின்வயசுப் பையன் சிதம்பரம். அவனும் அவன் அய்யாவும் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரிகிற சில நாட்கள்தான் கதை. எங்கே தண்ணீர் கிடைக்கும், எதைச் சுட்டுத் தின்னலாம், எந்தப் பாறை இடுக்கில் படுக்கலாம் என்றே பாதி நாவல் போகிறது. ஓடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிற அன்பு அந்தச் சில்லறை வேலைகளுக்குள் இருக்கிறது.

வெற்றிமாறன் 2019இல் ‘அசுரன்’ எடுத்தபோது அப்பாவாக தனுஷ். அவருக்கு ஓர் இளமைக்காலம் தேவைப்பட்டது. நிலம், செருப்பு, எரிகிற குடிசைகள் என்று படத்தின் நடுவில் வருகிற நீண்ட பழங்கதையை நாவலில் தேடாதீர்கள். பையன் கண்ணால் பார்த்த கதை அப்பாவின் கதையாகிவிட்டது. தனுஷுக்கு தேசிய விருதும் கிடைத்தது. படத்துக்குள் கோபம் அதிகம், நாவலுக்குள் காடு அதிகம். எனக்குக் காடு பிடிக்கும். ஆனால் அந்தப் பழங்கதை இல்லாவிட்டால் இந்தக் குடும்பத்தின் பயமும் பொறுமையும் எங்கிருந்து வந்தன என்று திரையில் சொல்லியிருக்க முடியாது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

வெற்றிமாறன் இதைத் தொடர்ந்து செய்கிறவர். கோவையில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார் தன் சொந்த அனுபவத்தை வைத்து எழுதிய ‘லாக்கப்’தான் ‘விசாரணை’. புத்தகத்தில் உள்ளது படத்தின் முதல் பாதியோடு முடிந்துவிடும். இரண்டாம் பாதி இயக்குநருடையது. ஜெயமோகனின் ‘துணைவன்’ என்ற ஒரே சிறுகதையிலிருந்து ‘விடுதலை’ இரண்டு பாகம் வந்தது.

அப்படியானால் நாவலைவிடச் சிறுகதையே படத்துக்கு ஏற்றதா?

ஆமாம், பெரும்பாலும். சிறுகதையை விரிக்கலாம், நாவலைச் சுருக்கத்தான் வேண்டும். விரிக்கும்போது யாரும் "அதைக் காணோமே" என்று கேட்பதில்லை.

மனசுக்குள் நடக்கிற நாவலை எப்படிப் படமாக்குவது?

இதற்கு ‘மோகமு’ள்தான் நல்ல பாடம். பாபு தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவின் மேல் வைக்கிற மோகம், அதை நினைத்து அவனே கூசுவது, சங்கீதத்தில் அதைக் கரைக்கப் பார்ப்பது. இவையெல்லாம் நாவலில் நூற்றுக்கணக்கான பக்கம் ஓடுகின்றன. ஞான ராஜசேகரன் 1995இல் எடுத்த படம் அவருக்கு முதல் படம், முதல் பட இயக்குநருக்கான தேசிய விருதையும் அதற்குத்தான் வாங்கினார். கும்பகோணத்துத் தெருக்களும் வீடுகளும் கண்ணுக்கு வருகின்றன. பாபுவின் தவிப்பு மட்டும் பல இடங்களில் முகபாவத்தோடு நின்றுவிடுகிறது. ஜானகிராமன் ஒரு வாக்கியத்தில் ஆசையையும் வெட்கத்தையும் சேர்த்துக் கட்டுகிற மாதிரி கேமராவால் கட்ட முடியவில்லை.

ஆனால் ஒன்றில் படம் ஜெயிக்கிறது. நாவலில் பாபுவின் சங்கீத குரு ரங்கண்ணாவின் சங்கீதத்தை நாம் படித்துத்தான் கேட்க வேண்டும். படத்தில் இளையராஜா இருக்கிறார், ரங்கண்ணாவாக நெடுமுடி வேணு இருக்கிறார். தம்பூராவின் சுருதி காதில் விழுந்த பிறகு நாவலுக்குத் திரும்பிப் போனால் அந்த அத்தியாயங்கள் வேறு மாதிரி ஒலிக்கும். ‘தில்லானா மோகனாம்பா’ளுக்கும் இதே கதைதான். கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர் அது, கோபுலுவின் ஓவியங்களோடு வந்தது. நாதஸ்வரத்தைப் பற்றி அவர் எவ்வளவு அழகாக எழுதினாலும், 1968இல் ஏ. பி. நாகராஜன் படத்தில் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்ததைத் தாளில் கொண்டுவர முடியாது. சிவாஜி கன்னத்தை உப்பிக்கொண்டு நிஜமாகவே வாசிக்கிறார் என்று நம்பியவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள்.

வாசிக்கிற பழக்கமே விட்டுப் போய்விட்டது. எப்படித் திரும்புவது?

முதலில் குற்ற உணர்ச்சியை விடுங்கள். வருடத்துக்கு இத்தனை புத்தகம் என்று கணக்கு வைக்கிறவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியதில்லை. அது ஆசைக்குப் படிப்பதில் சேராது.

நீங்கள் பார்த்து ரசித்த ஒரு படத்தின் மூலக்கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கதை தெரிந்திருப்பதால் நடுவில் நாலு நாள் விட்டாலும் இழை அறாது. ‘வெக்கை’ மாதிரி மெலிந்த புத்தகமாக இருந்தால் இன்னும் நல்லது. பெரிய நாவலே வேண்டும் என்றால் தொடர்கதைக்காரர்கள் பக்கம் போங்கள். கல்கியின் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு வாரம் காத்திருக்க வைப்பதற்காகவே எழுதப்பட்டது. ராத்திரிக்கு ஒரு அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் தானே இழுத்துக்கொண்டு போகும். வர்ணனை நீண்டால் தாண்டிப் போங்கள், யாரும் மார்க் குறைக்கப் போவதில்லை.

பிடிக்கவில்லையா? மூடி வைத்துவிடுங்கள். ஊரே புகழ்ந்தாலும் சரி.

ஒலிப்புத்தகம் கேட்பது படித்த கணக்கில் வருமா?

வரும். நம் பாட்டிமார் பலருக்குக் கல்கி அப்படித்தான் அறிமுகம். பத்திரிகை வந்ததும் வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பார்கள். வாசிக்கிறவர் குரல் சரியில்லை என்றால் மட்டும் கஷ்டம்.

பிள்ளைகளுக்கு எதில் தொடங்கலாம்?

பத்துப் பன்னிரண்டு வயசில் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் நன்றாகவே எடுபடும். அவர்களுக்கு வந்தியத்தேவன் பிடித்தாலே போதும். படத்தில் ரத்தம் கொஞ்சம் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள். ‘விசாரணை’, ‘அசுரன்’ எல்லாம் வளர்ந்த பிறகு போதும்.

பழைய படங்களில் நாவலிலிருந்து வந்தது எதைப் பார்க்கலாம்?

‘மலைக்கள்ளன்’ பாருங்கள். நாமக்கல் கவிஞர் எழுதிய நாவல், வசனம் கருணாநிதி, நாயகன் எம்.ஜி.ஆர். கோவை பட்சிராஜா ஸ்டுடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு 1954இல் எடுத்தது. குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் வாங்கியது. இந்தி, தெலுங்கு, கன்னடம், மலையாளம், சிங்களம் என்று மொழி மொழியாகப் போனது. காந்தியவாதி எழுதிய கொள்ளைக்காரன் கதையில் திராவிட இயக்க வசனம் புகுந்தால் எப்படி இருக்கும் என்பதற்காகவே பார்க்கலாம்.

சினிமாக்காரர்களையே கதையாக எழுதிய நாவல் வேண்டுமா? ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்த அசோகமித்திரனின் ‘கரைந்த நிழல்கள்’. இவ்வளவு வெளிச்சம் அடிக்கிற தொழிலை அவ்வளவு சன்னமான குரலில் வேறு யாரும் சொன்னதில்லை.

புத்தகமெல்லாம் எங்கே கிடைக்கும்?

கல்கியின் படைப்புகள் நாட்டுடைமையானவை. அதனால்தான் ‘பொன்னியின் செல்வ’னை இத்தனை பதிப்பகங்கள் இத்தனை விலையில் போடுகின்றன. மிகக் குறைந்த விலையில் கிடைப்பதை வாங்குமுன் நடுவில் நாலு பக்கம் புரட்டுங்கள், எழுத்துப் பொடியாகவும் பிழை மலிந்தும் இருக்கும். புதுமைப்பித்தன், நாமக்கல் கவிஞர் எழுத்துகளும் நாட்டுடைமைதான். இவற்றில் பலவற்றை மதுரைத் திட்டம் இணையதளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

ஜெயகாந்தன், ஜானகிராமன், பூமணி, அசோகமித்திரன் எல்லாம் கடையில் வாங்க வேண்டியவை, ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போனால் தள்ளுபடியோடு. காசு செலவழிக்க மனசில்லை என்றால் உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் உறுப்பினராகுங்கள், கட்டணம் சொற்பம். அங்கே இல்லாவிட்டால் மாவட்ட மைய நூலகத்தில் கேளுங்கள். சென்னையில் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கலாம். உமாசந்திரனின் நாவல்தான் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். பழைய புத்தகக் கடைக்காரரிடம் சொல்லி வையுங்கள், வந்தால் எடுத்து வைப்பார்.